புழுக்க நிபுணர்

வெயிலைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள் என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் வரவில்லை. வராததால் நானே போய்ச் சொல்லிவிடுவது வழக்கம். மார்ச் பிறந்ததும் எந்தெந்த மண்டலத்தில் வடகால்புலு என்கிற அனல்காற்று அடிக்கும் என்று ஆந்திரப் பேரிடர் மேலாண்மை ஆணையம் செல்லுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கும். அடுத்த நிமிடம் அதைத் தமிழாக்கி, 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று ஒரு வரி சேர்த்து, அடியில் என் பெயரையும் போட்டுத் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஏற்றிவிடுவேன். குழுவில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள். அவர்களுக்கு மூலமே புரியும். மீதிப் பாதித் தமிழர்களுக்கும் மூலமே புரியும். சித்தூர் அப்படிப்பட்ட ஊர்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுக்க ஏசிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்ததால், வெயில் என்பது ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடுவில் உள்ள சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன். ஓய்வுக்குப் பிறகுதான் அதை முழுநேரமாகச் சந்தித்தேன். சந்தித்த மறுநாளே நிபுணன் ஆகிவிட்டேன்.

என் நிபுணத்துவம் முழுக்க முழுக்க எண்களால் ஆனது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூடியிருந்தால் அது வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் கணக்கு. அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். செல்லில் 41 என்று காட்டினால் தெருவையே வீட்டுக்குள் போகச் சொல்வேன். 38 என்றால் 'இன்னிக்கு ஒண்ணுமில்லை' என்று உச்சி வெயிலில் செருப்பை மாட்டுவேன். 2025இல் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. வழக்கமாக ஜூன் 1. எங்கள் பக்கமும் மேகம் கூடி, எண் கீழே வந்தது. அன்று மாலையே 'கோடை முடிந்தது, ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி' என்று குழுவில் போட்டேன். எதிர்வீட்டு ரெட்டியார் மட்டும் பதில் போட்டார்: 'ரோகிணி கார்த்தெ நாளைக்குத்தான் தொடங்குது சார்.' சூரியன் ரோகிணி நட்சத்திரத்தில் நிற்கும் அந்த நாட்களில் கல்லுரலே வெடிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சொலவடை. நான் அதை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

அந்த வாரம் ஊரே நனைந்து கிடந்தது, மழையில் அல்ல, வியர்வையில். எண் குறைந்த பிறகு ஏன் இந்தப் பாடு என்று எனக்குப் புரியவில்லை. உடம்பு எண்ணைப் பார்ப்பதில்லை. வியர்வை காய்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகிப் போனால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டையும் கூடவே கொண்டுபோய்விடும். அதே ஒரு லிட்டர், காற்றில் ஈரம் நிறைந்திருக்கிற நாளில், ஆவியாகாமல் முதுகில் வழிந்து வேட்டியை நனைத்தால் சூடு அப்படியே உள்ளே நிற்கும். உப்பும் தண்ணீரும்தான் நஷ்டம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடமான ஆளே சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்பது பழைய கணக்கு. இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்துப் பார்த்த பென்சில்வேனியா ஆய்வாளர்கள், அந்த எல்லை அவ்வளவு உயரத்தில் இல்லை, ஈரம் மிகுந்த காற்றில் 31ஐ ஒட்டியே வந்துவிடுகிறது என்கிறார்கள். இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. படிப்பதற்கு முன்னால் ஒரு ஏர் கூலர் வாங்கிவிட்டேன்.

எனக்கு அல்ல, அக்காவுக்கு. மாமா போன பிறகு அக்கா திருப்பதி கொர்லகுண்டாவில் கீழ்வீட்டில் தனியாக இருக்கிறாள். ஏசி ஒத்துக்கொள்ளாது, முட்டி பிடித்துக்கொள்ளும் என்பாள். சித்தூராவது மேட்டில் இருக்கிற ஊர். திருப்பதி அதைவிடத் தாழ்வு, வடக்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. பகலெல்லாம் அந்தப் பாறை குடித்த வெயிலை ராத்திரி ஊருக்குள் துப்பும் என்பார்கள். நான் கூலரை ஆட்டோவில் ஏற்றி, மலையேறும் பக்தனைப் போன்ற முகத்தோடு கொண்டுபோய் இறக்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 'டெசர்ட் கூலர்' என்று போட்டிருந்தது. பாலைவனத்துக்குச் செய்த சாமான் என்று அவர்களே எழுதி வைத்திருப்பதை நான் ஏதோ மாடலின் பெயர் என்று எடுத்துக்கொண்டேன்.

நடுக்கூடத்தில் வைத்தேன். தொட்டியில் தண்ணீரை நிரப்பி, ஐஸ் கட்டியும் போட்டேன். பிறகு என் ஏசி அனுபவத்தைப் பயன்படுத்தி ஜன்னல், கொல்லைக் கதவு, மேலே இருந்த காற்றுத் துளை எல்லாவற்றையும் அடைத்தேன், குளிர் வெளியே போய்விடக் கூடாதே என்று. முதல் பத்து நிமிடம் ஜில்லென்றுதான் இருந்தது. அக்கா முகத்தில் ஒரு சின்னப் பெருமை கூடத் தெரிந்தது. அரை மணியில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தாள் ஓரம் சுருண்டது. சாப்பாட்டுக்குப் பொரித்து வைத்த அப்பளத்தை எடுத்தால் துணி மாதிரி மடங்கியது. விளக்கேற்ற எடுத்த தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் கரைந்து வந்தது. கூடம் முழுக்க இட்லிக் குண்டானாகிவிட்டது, நாங்கள் இருவரும் உள்ளே இரண்டு ஈடு. மூடிய அறையில் அதே காற்றைத் திரும்பத் திரும்ப ஈரமாக்கிக்கொண்டிருந்தது அந்த இயந்திரம். "என்னடா பண்ணி வெச்சிருக்கே, மூச்சே விட முடியலை" என்று அக்கா திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மின்விசிறியின் ரெகுலேட்டரைச் சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன் பையன் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல்களைத் திறந்தான். கூலரை உருட்டிக்கொண்டுபோய் ஒரு ஜன்னலில் முதுகு வெளியே இருக்கும்படி வைத்தான், எதிர்க் கதவையும் திறந்துவிட்டான். "வெளிக்காத்தை இழுக்கணும் சார், ஈரக்காத்து அந்தப் பக்கம் போயிடணும்" என்றான். "மழை பெஞ்ச நாள்ல இதைப் போடாதீங்க. வெறும் ஃபேனே போதும்." அவனுக்குக் கூலி கொடுக்கும்போது ரெகுலேட்டருக்கு மட்டும் கொடுத்தேன். அது என் சின்னத்தனம்.

அக்கா விஷயத்தில் நான் செய்த இன்னொரு சேவை, தினமும் போன். 2015 மே மாதக் கடைசியில் ஆந்திரத்தில் மட்டும் வெயிலுக்கு ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கூலி வேலைக்குப் போனவர்களும் வயதானவர்களும்தான் அதில் அதிகம். வயதானால் உடம்பு காய்ந்தாலும் தாகம் தெரியாது, கூட யாரும் இல்லாவிட்டால் கேட்க ஆளும் இருக்காது. அதனால் தினம் காலை போன் போட்டு "மூணு லிட்டர் குடிச்சியா?" என்று கேட்பேன். "குடிச்சேன்டா" என்பாள். எனக்கும் அன்றைய கடமை தீர்ந்துவிடும். ஒருநாள் அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனபோது, "மூணு லிட்டர் கரெக்டா குடிக்கறாங்க டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். மருத்துவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அக்காவுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று போன வருடமே எழுதிக் கொடுத்திருக்கிறார். நீர் பிரிய மாத்திரை வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. வெயில் காலத்தில் அதன் அளவை மாற்ற வேண்டுமா என்று வந்து கேட்டிருக்க வேண்டும், அது ஒன்றைத்தான் நான் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "நான் எங்கடா மூணு லிட்டர் குடிச்சேன். உன் நிம்மதிக்குச் சொன்னேன்." என் யோசனையிலிருந்து அவளைக் காப்பாற்றியது அந்தப் பொய்தான். இப்போது போன் போட்டால் எத்தனை லிட்டர் என்று கேட்பதில்லை, காலையில் என்ன சமைத்தாள், ராத்திரி தூங்கினாளா, கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்கிறேன். பேச்சு முன்னைவிட நீளமாகிவிட்டது. அவளுக்குச் சீரியல் நேரம் போகிறதாம்.

இதற்கெல்லாம் முந்தியது ஜாத்திரை. மே மாதம் திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்கு நடக்கிற ஜாத்திரை ஒரு வாரம் ஊரைத் தலைகீழாக்கிவிடும். ஏழுமலையானுக்கு அவள் தங்கை முறை; மலையிலிருந்து சீர்ப் புடவை வரும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேஷம். பைராகி வேஷமென்றால் நாமக்கட்டியைக் குழைத்து உடம்பெல்லாம் வெள்ளை, தோட்டி வேஷமென்றால் கரி. ஆம்பளைகள் புடவை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, நகை மாட்டிக்கொண்டு வருவார்கள். அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எண் அன்று 39. எனவே வெயில் இல்லை. மதியம் கிளம்பினேன்.

கோயிலுக்குப் போகிற வழியில் குடம் குடமாக அம்பலி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, மேலே சின்ன வெங்காயம். "தாகண்டி சார்" என்று ஒரு பெரியம்மா சொம்பை நீட்டினாள். எனக்கு சுகாதாரம் முக்கியம். மறுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகப் போட்ட ஆப்பிள் சுவை டப்பா ஒன்றை வாங்கி உறிஞ்சினேன். தேன் மாதிரி இனித்தது. அது நிஜ ஓ.ஆர்.எஸ்.ஸே இல்லை, சர்க்கரைத் தண்ணீர். ஐதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் இந்தப் பெயர் மோசடிக்கு எதிராகப் பல வருடம் போராடி, கடைசியில் 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத எந்தப் பானமும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. உப்பும் மாவுச் சத்தும் தண்ணீரும் சேர்ந்த சங்கதியை நான் சொம்போடு தள்ளிவிட்டு, கூடுதல் காசு கொடுத்து சர்க்கரை வாங்கியிருந்தேன். வேறொரு நாள் நிஜமான பொட்டலத்தையே வாங்கினேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு உள்ளதை ஒரே டம்ளரில் கரைத்துக் குடித்துவிட்டு, மருந்தென்றால் கசக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். குறைந்த தண்ணீரில் கரைத்தால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும் என்று பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால்கூடத் தெரியாது. ஒரு லிட்டர் என்றாவது தெரிந்திருக்கும்.

நான் டப்பாவை உறிஞ்சிக்கொண்டு நிற்கையில் எதிரே புடவை கட்டின வாலிபன் ஒருவன் தடுமாறி, டிரான்ஸ்பார்மர் மேடை ஓரம் சரிந்து உட்கார்ந்தான். பட்டுப்புடவை, சவுரி, ஒட்டியாணம், முகத்தில் கனமாக மஞ்சள். கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ இருந்தது. என்னவோ முனகினான். என் நேரம் வந்துவிட்டது என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தலையை நிமிர்த்தி, பாட்டில் தண்ணீரை அவன் வாயில் சாய்த்தேன். பாதி மூக்கில் போய்ப் புரையேறியது. "அங்கிள், நோட்லோ நீள்ளு பொய்யகண்டி!" என்று ஒரு குரல். நர்சிங் படிக்கிற பெண்ணாம், தோழிகளோடு ஜாத்திரை பார்க்க வந்தவள். என் கையைத் தட்டிவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். பெயர் கேட்டாள். அவன் பெயருக்குப் பதில் பஸ் நம்பர் மாதிரி ஏதோ சொன்னான். "தலை குழம்பிடுச்சு, இது சும்மா மயக்கம் இல்லை" என்றாள். உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறுகிறபோது விழுங்கத் தெரியாது. வாயில் ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். வியர்த்துக் கொட்டுகிறதே, அப்புறம் எப்படி வெயில் அடித்திருக்கும் என்று நான் கேட்டேன். வியர்த்தாலும் வரும் என்றாள், என்னைப் பார்க்காமலே.

சவுரியைக் கழற்றினாள், ஒட்டியாணத்தை அவிழ்த்தாள், புடவையைத் தளர்த்தினாள். நன்னாரி சர்பத் வண்டிக்காரர் ஐஸ் கட்டியை உடைத்துத் துண்டில் முடிந்து கொடுத்தார். ஒரு முடிச்சு கழுத்தில், இரண்டு அக்குளில், இரண்டு தொடையிடுக்கில். பாக்கித் தண்ணீரையெல்லாம் மேலே ஊற்றி, அட்டையால் விசிறச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வருகிறவரை குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். தூக்கிக்கொண்டு ஓடுவது அப்புறம். அம்பலிக்காரப் பெரியம்மா தன் முந்தானையால் விசிறினாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள், 108க்குப் போன் போடுவது. போட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "கோயில் பக்கத்துல" என்றேன். மறுமுனையில் சற்று மௌனம். "ஏ குடி சார்?" எந்தக் கோயிலாம். திருப்பதியில் நின்றுகொண்டு கோயில் பக்கம் என்று அடையாளம் சொன்னவன் என்னைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை. சர்பத்காரர் செல்லைப் பிடுங்கி, தெரு, சந்து, டிரான்ஸ்பார்மர் என்று சொல்லி முடித்தார். வண்டி வந்தபோது அந்தப் பையன் தன் பெயரைச் சரியாகச் சொன்னான். கூட்டத்தில் யாரோ எனக்கு "பெத்தாயன பாவம், பயந்துட்டார்" என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

சித்தூர் திரும்பியதும் இதற்கெல்லாம் பரிகாரமாகச் சலிவேந்திரம் திறந்தோம். தண்ணீர்ப் பந்தல்தான்; ஆந்திரத்தில் கோடை வந்தால் முக்குக்கு ஒன்று முளைக்கும். எங்கள் ஓய்வூதியர் குழுவின் பந்தலுக்குத் தகரக் கூரை. தகரத்துக்குக் கீழே பானை வைத்தால் பானை என்ன செய்யும், பாவம். மண் பானையும் வியர்த்துத்தான் தண்ணீரைக் குளிர வைக்கிறது. புழுக்க நாளில் அதற்கும் எங்கள் கதிதான். பேனரில் எங்கள் முகங்கள் பானையைவிடப் பெரிதாக இருந்தன. டம்ளர் திருடு போகாமல் சங்கிலி போட்டோம். சங்கிலி குட்டை. அதனால் உயரமான ஆட்கள் பேனர் முன்னால் முதுகை வளைத்து, எங்கள் படங்களைக் கும்பிடுகிற பாவனையில்தான் குடிக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு மோர், தர்ப்பூசணி, நாளிதழ் நிருபர் எல்லாம் உண்டு. மறுநாளிலிருந்து பானையை நிரப்புவது செயலாளர் பொறுப்பு என்று நான் நினைத்திருந்தேன். அவர் என் பொறுப்பு என்று நினைத்திருந்தார். ஒரு பானையில் மட்டும் விரிசல் விட்டுச் சொட்டியதால் அடியில் ஈரம் தங்கியது. அந்த ஈரத்தில் படுத்திருந்த தெருநாய்கள்தான் எங்கள் பந்தலால் முழுப் பயன் பெற்றவை.

ஜூன் மாதம் வேறு கதை. சித்தூரைச் சுற்றி மாங்கூழ் ஃபேக்டரிகள். அந்த வருடம் தோத்தாபுரி மாங்காய் விளைச்சல் அமோகம், விலை படுத்துவிட்டது. ஃபேக்டரி 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆகக் கிலோவுக்கு 12 என்று அறிவிப்பு வந்தது. அந்த எட்டு ரூபாயாவது கைக்கு வருமா என்ற கவலையோடு விவசாயிகள் டிராக்டர்களில் காயை ஏற்றிக்கொண்டு வாசல்களில் வரிசை கட்டினார்கள். ரோட்டோரம் கண்ணுக்கெட்டிய தூரம் டிராக்டர். டிரெய்லர் நிழலில் துண்டு விரித்து ஆட்கள். பழுத்து அடியில் நசுங்கிய காயின் புளித்த வாடை, ஈ. மழை மேகம் மேலே மூடி, ஒரு இலை அசையாத புழுக்கம். இவர்களுக்கு மோர் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை பேனர் இல்லை. காலையிலேயே கறிவேப்பிலை, இஞ்சி போட்டுக் கலக்கி, பால் கேனில் ஊற்றி, காரின் டிக்கியில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். போய்ச் சேர மூன்று மணி.

மூடியைத் திறந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. பூதலப்பட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் முதல் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்து, ஒரு கண்ணை மூடினான். "நல்லா இருக்கு சார்" என்றான். மரியாதைக்காரப் பையன். அவனுக்குத் தேவைப்பட்டது மோரே அல்ல. வரிசையை விட்டு நகர்ந்தால் பின்னால் இருப்பவர் முந்திவிடுவார் என்று முந்தாநாள் ராத்திரியிலிருந்து அவன் வண்டியிலேயே கிடந்திருக்கிறான். "சார், ஒரு அரை மணி இந்த சீட்ல உட்காருங்க. அந்தப் பம்புசெட்ல குளிச்சுட்டு ஓடி வந்துடறேன்." இவ்வளவு சுலபமான உதவியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஏறி உட்கார்ந்தேன். கறுப்பு ரெக்ஸின் சீட்டு. வேட்டியைத் தாண்டிச் சுட்டது. மேகம் விலகியது. குடை காரில் இருந்தது, தொப்பி காரில் இருந்தது. தண்ணீர் பாட்டிலும்.

அப்போது வரிசை நகர்ந்தது. முன்னால் இருந்த டிராக்டர் நாலு வண்டி தூரம் போய் நின்றது. பின்னால் ஹாரன். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், கார் சுமாராக வரும். இதில் எது கிளட்ச், எது பிரேக், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கம்பிகளும் எதற்கு என்று ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டால் கை வெந்தது. ஹாரன் ஒன்று, இரண்டாகி, வரிசை முழுக்கப் பரவியது. பின் டிராக்டர்காரர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று முகத்தை நிபுணர் பாவனையில் வைத்துக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எறங்குங்க சார், மொகமெல்லாம் செவந்துபோச்சு" என்றார். கையைப் பிடித்து இறக்கி, டிரெய்லர் நிழலில் உட்கார வைத்தார். பையனின் டிராக்டரை ஓட்டிக்கொண்டுபோய் வரிசையில் சரியாக நிறுத்திவிட்டு, திரும்பி வந்து தன் வண்டியையும் அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு என் கேனிலிருந்தே ஒரு டம்ளர் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"புளிக்குது இல்லே?" என்றார்.

"கொஞ்சம்" என்றேன்.